கிணற்றில் இறங்கும் டிஜிட்டல் கடிகாரம்

வீட்டுப் பழைய பெட்டியை ஒழுங்குசெய்யும்போது, 1980-களில் வாங்கிய கறுப்புக் கைக்கடிகாரம் ஒன்று அகப்படுவதுண்டு. பட்டை நொறுங்கியிருக்கும், முகப்பில் எண்கள் இரா. பின்மூடியில் மட்டும், 200 மீட்டர் ஆழம் வரை நீர் புகாது என்று பொறித்த எழுத்துகள் அழியாமல் இருக்கும். "அது செத்துப் பல வருசமாச்சு" என்பார் அப்புச்சி. ஆனால் இவ்வகைக் கடிகாரங்கள் உண்மையில் சாவது அரிது. அதனை வீட்டிலேயே எவ்வாறு எழுப்பலாம், எழுப்பியபின் அதைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக் கிணற்றில் குதிக்கலாமா என்று பார்ப்போம்.

முள் கடிகாரத்தில் பல்சக்கரங்கள் சுழன்று தேய்கின்றன. டிஜிட்டல் கடிகாரத்தில் பொத்தான்களைத் தவிர அசையும் உறுப்பு எதுவும் இல்லை. மின்கலம், குவார்ட்ஸ் படிகம், மின்சுற்று, எண் காட்டும் முகப்பு, நீரைத் தடுக்கும் ரப்பர் வளையம் ஆகியவையே அதன் முக்கிய உறுப்புகள். இவற்றுள் படிகமும் மின்சுற்றும் பெரும்பாலும் கெடுவதில்லை.

குவார்ட்ஸ் காங்கேயத்து மாணவர்களுக்குப் புதிய பொருளன்று. மேட்டுக்காட்டில் காலில் இடறும் வெங்கச்சங்கல் அதுதான். காங்கேயத்திலிருந்து திருப்பூர் செல்லும் சாலையிலுள்ள படியூரில், 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அக்வாமரின் கற்களை வெட்டியெடுத்தார்கள். நொய்யல் கரையிலுள்ள கொடுமணலில், படிகக் கல்லையும் பிற கற்களையும் மணிகளாகத் துளையிட்டுத் தீட்டும் தொழில் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நடந்ததை அகழாய்வுகள் காட்டியுள்ளன. ஆனால் கடிகாரத்திலுள்ள படிகம் நிலத்தில் தோண்டியது அன்று. மாசு இல்லாமல் இருக்கவேண்டும் என்பதால், அதனை ஆலையில் உயர்ந்த வெப்பத்திலும் அழுத்தத்திலும் செயற்கையாக வளர்க்கிறார்கள்.

படிகத்தின் வேலை என்ன? குவார்ட்ஸை அழுத்தினால் அதன் பரப்பில் மின்னூட்டம் தோன்றும்; மின்னழுத்தம் கொடுத்தால் அது வடிவம் மாறும். 1880-இல் பியரி கியூரியும் அவர் தமையனார் ழாக் கியூரியும் கண்ட விளைவு இது. கடிகாரத்திலுள்ள படிகம் மிகச் சிறிய இசைக்கவை வடிவில் இருக்கும். வினாடிக்கு 32,768 முறை அதிரும். ஏன் இந்த விந்தையான எண்? இதைப் பதினைந்து முறை இரண்டால் வகுத்துப் பாருங்கள், ஒன்று வரும். மின்சுற்று செய்வதும் இந்த வகுத்தலைத்தான். அதிர்வு 25 டிகிரி செல்சியஸ் அருகில் சரியாக இருக்குமாறு படிகத்தை வெட்டுகிறார்கள். வெப்பம் கூடினாலும் குறைந்தாலும் அது சற்று மந்தமாகும். சித்திரை மாதத்தில் 40 டிகிரி வெப்பத்தில் மேசைமேல் கிடக்கும் கடிகாரம், நாளொன்றுக்குச் சுமார் முக்கால் வினாடி வரை பிந்தும். கையில் கட்டியிருந்தால் உடல் அதனை ஏறக்குறைய ஒரே வெப்பத்தில் வைத்திருப்பதால் பிழை குறைவு.

இனி வேலையைத் தொடங்கலாம். முதலில் வெள்ளைத் துணி ஒன்றை விரித்துக்கொள்ளுங்கள். கீழே விழும் திருகு தரையில் கிடைக்காது. பின்மூடியில் நான்கு சிறு திருகுகள் இருந்தால், கடிகாரத் திருப்புளியால் நீங்களே கழற்றலாம். முழு மூடியே திருகாக இருந்தால், கடிகாரம் பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துத் தளர்த்தி வாங்குவதே நல்லது. இடுக்கியால் முயன்று மூடியைச் சிதைத்தவர்கள் பலர். திறந்தவுடன் மெல்லிய சுருள்வில் ஒன்று துள்ளி ஓடக்கூடும். அதைத் தொலைத்துவிடாதீர்கள். மூடியின் உட்புறம் ஒட்டியுள்ள பீங்கான் தகட்டுக்கு மின்சாரம் கொண்டுசெல்வது அதுதான். அலாரம் ஒலிக்கும்போது அத்தகடு அதிர்கிறது. அங்கும் நடப்பது கியூரி சகோதரர் கண்ட விளைவே.

மின்கலத்தின்மேல் உள்ள எண்ணைப் படியுங்கள். சி.ஆர். 2016 என்றால் விட்டம் 20 மில்லிமீட்டர், தடிப்பு 1.6 மில்லிமீட்டர், மூன்று வோல்ட் தரும் லித்தியம் கலம். அதே எண்ணுள்ள புதுக் கலத்தைப் போடுங்கள். சில கடிகாரங்களில் 'ஏ.சி.' என்று பொறித்த சிறு புள்ளி ஒன்று இருக்கும். புதுக் கலம் போட்டபின் அதனையும் கலத்தின் நேர்முனையையும் ஓர் உலோக இடுக்கியால் ஓரிரு வினாடி இணைக்கவேண்டும். அப்போதுதான் மின்சுற்று முதலிலிருந்து எண்ணத் தொடங்கும். இதை அறியாமல், "புதுக் கலம் போட்டும் ஓடவில்லை" என்று எறியப்பட்ட கடிகாரங்கள் உண்டு.

ஓர் எச்சரிக்கை. கழற்றிய கலத்தைச் சிறு குழந்தைகள் கைக்கு எட்டுமாறு வைக்காதீர்கள். விழுங்கினால் அது உணவுக்குழாயில் சிக்கி, ஈரத்தில் மின்சாரம் பாய்ந்து, காரம் உண்டாகி, இரண்டு மணி நேரத்திற்குள்ளேயே தசையை அரித்துவிடும். தீர்ந்துபோன கலத்திலும் இந்த ஆபத்து உண்டு. விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லவேண்டும்.

எண்கள் வந்தும் 8 என்பது 6 போலத் தெரிந்தால், குறை முகப்பில் இல்லை, தொடர்பில் இருக்கிறது. முகப்புக் கண்ணாடியையும் மின்சுற்றையும் இணைப்பது ஒரு ரப்பர் கீற்று. அதில் மின்கடத்தும் படலமும் கடத்தாப் படலமும் வரிக்குதிரையின் கோடுகள்போல் மாறிமாறி அமைந்திருக்கும். அதன் விளிம்பையும் கண்ணாடியின் விளிம்பையும் ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்து, விரல் படாமல் திரும்ப வைத்தால், பெரும்பாலும் விடுபட்ட கோடுகள் வந்துவிடும்.

முகப்பின் செயல் இன்னும் சுவையானது. இரு கண்ணாடிகளுக்கு இடையே திரவப் படிகம் இருக்கிறது. அது திரவம்போல் ஓடும். ஆனால் மூலக்கூறுகள் படிகத்தில்போல் ஒழுங்காக நிற்கும். (பெங்களூரிலுள்ள ராமன் ஆராய்ச்சிக் கழகத்தில் 1977-இல் எஸ். சந்திரசேகர் குழுவினர், தட்டு வடிவ மூலக்கூறுகளாலும் திரவப் படிகம் உண்டாகும் என்று கண்டனர். இவர் சர் சி.வி. ராமனின் சகோதரி மகன்; விண்மீன்களை ஆராய்ந்த சந்திரசேகர் வேறு.) கடிகாரத்தில் உள்ளவை குச்சி வடிவ மூலக்கூறுகள். அவை கண்ணாடிக்குக் கண்ணாடி 90 டிகிரி முறுக்கி நிற்கின்றன. முன்னும் பின்னும் போலராய்டுத் தகடுகள் ஒட்டப்பட்டுள்ளன. ஒரே தளத்தில் அதிரும் ஒளியை மட்டுமே இவை விடும். முன்தகட்டைக் கடந்த ஒளியை மூலக்கூறுகள் 90 டிகிரி திருப்பிவிட, அது பின்தகட்டையும் கடந்து எதிரொளிக்கிறது. முகப்பு வெளிறித் தெரிகிறது. மின்னழுத்தம் பட்ட இடத்தில் முறுக்கு அவிழ்ந்து, ஒளி தடைப்பட்டு, கறுப்புக் கோடு தோன்றுகிறது.

இது புரிந்தால் கடிகாரத்தை உங்கள் விருப்பப்படி மாற்றலாம். முன்தகட்டை உரித்துவிட்டு, வேறொரு போலராய்டுத் துண்டை 90 டிகிரி திருப்பி வைத்தால் எல்லாம் தலைகீழாகும்: கறுப்புப் பின்னணியில் வெளிறிய எண்கள்! பழைய கால்குலேட்டரின் தகடு இதற்குப் போதும். ஒட்டுப்பசையை ஆல்கஹாலால் மெதுவாக அகற்றவேண்டும். கண்ணாடி மிக மெல்லியது. எனவே கையைப் பழக்க அந்தக் கால்குலேட்டரின் முகப்பையே முதலில் உரித்துப் பாருங்கள். ஒன்று சொல்லவேண்டும்: தலைகீழ் முகப்பு அழகாக இருக்கும், ஆனால் மங்கிய வெளிச்சத்தில் படிப்பது கடினம். நேரம் பார்க்கத்தான் கடிகாரம் என்பவர்கள் பட்டையை மட்டும் மாற்றினால் போதும். பழைய பாலியூரிதேன் பட்டைகள் ஈரத்தோடும் வியர்வையோடும் வினைபுரிந்து நொறுங்குபவை. அவற்றை ஒட்டிப் பயனில்லை.

இப்போது கிணற்றுக்கு வருவோம். பத்து மீட்டர் நீருக்கு ஒரு வளிமண்டல அழுத்தம் என்பது கணக்கு. 200 மீட்டர் ஆழத்தில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர்மீதும் சுமார் 20 கிலோ எடை. மூன்று சென்டிமீட்டர் அகலப் பின்மூடியின்மேல் ஏறக்குறைய 140 கிலோ. தோட்டத்துக் கிணற்றில் ஆறு மீட்டர் நீர் இருந்தால், அடியில் கூடுவது 0.6 வளிமண்டலம்தான். மேட்டிலிருந்து குதிக்கும் வேகம்? ஐந்து மீட்டர் உயரத்திலிருந்து விழும்போது நீர் தரும் அழுத்தம், ஏறக்குறைய ஐந்து மீட்டர் ஆழத்துக்குச் சமம். நீர்ப்பரப்பில் மோதும் கணத்தில் இது கூடலாம். ஆயினும் 200 மீட்டர் கடிகாரத்திற்கு இவையெல்லாம் விளையாட்டு.

பின் ஏன் கடிகாரத்தில் நீர் புகுகிறது? அந்த 200 மீட்டர் புது ரப்பருக்கு உரியது. முப்பது ஆண்டில் ரப்பர் இறுகித் தட்டையாகிவிடும். மேலும் ஆழம் கூடும்போது மூடி ரப்பரின்மீது இன்னும் அழுந்துமே ஒழியத் தளராது. ஆகவே ஆழத்தைவிட, தேய்ந்த பொத்தான் வழியும் நசுங்கிய வளையமுமே கடிகாரத்தைக் கெடுக்கின்றன. திறந்த ஒவ்வொரு முறையும் அதே அளவில் புது வளையம் போட்டு, சிலிக்கோன் கிரீஸை மெல்லிய பூச்சாகத் தடவுங்கள். காங்கேயத்தில் தேங்காய் எண்ணெய்க்குப் பஞ்சமில்லை. ஆனால் அதைத் தடவினால் நாளடைவில் சிக்குப் பிடிக்கும். வாசலைன் சிலவகை ரப்பரை உப்பச் செய்யும். மூடும் நாளும் முக்கியம். ஐப்பசி மழை நாளில் மூடினால் ஈரக்காற்றையும் உள்ளே பூட்டிவிடுகிறோம். நம் பகுதியின் வறண்ட கோடைப் பிற்பகலே இதற்கு ஏற்றது.

முக்குளிப்போர் கடிகாரங்களுக்கான பன்னாட்டுத் தரம் 6425, குறைந்தது 100 மீட்டர் தாங்கவேண்டும் என்றும், குறித்த அழுத்தத்தைவிட 25 விழுக்காடு கூடுதலாகச் சோதிக்கவேண்டும் என்றும் கூறுகிறது. அந்த அழுத்தக் கருவி நம் வீட்டில் இல்லை. ஆனால் அதே தரத்திலுள்ள மற்றொரு சோதனையை நாம் செய்யலாம். கடிகாரத்தைக் கிண்ணத்து நீரில் ஒரு மணி நேரம் போட்டு எடுத்துத் துடையுங்கள். பிறகு 40 முதல் 45 டிகிரி வரை சூடேறிய தட்டில் வைத்துச் சூடாக்கி, கண்ணாடியின்மேல் குளிர்ந்த நீர் ஒரு துளி விடுங்கள். ஒரு நிமிடம் கழித்துத் துளியைத் துடைத்துப் பாருங்கள். கண்ணாடியின் உட்புறம் பனி படிந்திருந்தால் உள்ளே ஈரம் புகுந்துவிட்டது. திறந்து உலர்த்தி, வளையத்தை மறுபடி பொருத்தவேண்டும். தெளிவாக இருந்தால், பொத்தான்களை நீருக்குள் அழுத்தாமல் கிணற்றில் கட்டிக்கொண்டு இறங்கலாம். அதற்கு மேற்பட்ட ஆழத்திற்கு, அழுத்தச் சோதனைக் கருவி வைத்திருப்பவரிடம் கொடுத்துப் பார்க்கும்வரை பின்மூடியிலுள்ள எண்ணை நம்பக்கூடாது.