ஆட்டைத் தள்ளாட வைத்த புல்

கோடையின் கடைசியிலும் இலையுதிர் காலத்திலும் நியூசிலாந்தின் செம்மறி ஆடுகளுக்கு ஒரு விசித்திர நோய் வரும். நின்று மேயும் வரை ஆடு நன்றாகத்தான் தெரியும். மந்தை நாய் விரட்டியதும் தலை நடுங்கும், கால்கள் விறைக்கும், கொஞ்ச தூரம் ஓடுவதற்குள் சரிந்து விழும். தொந்தரவு செய்யாமல் விட்டால் சற்று நேரத்தில் எழுந்து மறுபடி மேயும். நோய் நேரடியாகக் கொல்வது குறைவு. ஓடையிலும் குட்டையிலும் விழுந்து மூழ்கும் ஆடுகளே அதிகம். 'ரைகிராஸ் தள்ளாட்டம்' என்பது அதன் பெயர். நோயைக் கொண்டுவந்தது, அந்த ஆடுகள் தின்று வளர்ந்த புல்லேதான்.

அந்தப் புல்லை விட்டுவிடவும் முடியாது. பிரிட்டனிலிருந்து குடியேறியவர்கள் காட்டை அழித்து விதைத்த ரைகிராஸ் என்ற புல்லும் வெள்ளைக் குளோவர் என்ற தீவனச் செடியும்தான் அந்நாட்டு மேய்ச்சலின் அடித்தளம். குளோவர் வேர்முடிச்சுகளில் உள்ள பாக்டீரியா காற்றிலிருக்கும் நைட்ரஜனை மண்ணுக்குச் சேர்க்கிறது. ரைகிராஸ் அதை உண்டு தழைக்கிறது. பால், இறைச்சி, கம்பளி என்ற ஏற்றுமதி வருமானம் இந்தக் கூட்டணியை நம்பியே இருக்கிறது.

புல்லுக்குள் பூஞ்சை

1977-இல் அமெரிக்காவில், ஃபெஸ்க்யூ என்ற புல்லை மேய்ந்த மாடுகளின் நோய்க்கும் அந்தப் புல்லுக்குள் வாழும் பூஞ்சைக்கும் தொடர்பு இருப்பது தெரியவந்தது. 1981-இல் நியூசிலாந்து ஆய்வாளர்கள் ஃப்ளெட்சரும் ஹார்வியும் ரைகிராஸிலும் அப்படியொரு பூஞ்சையைத் தள்ளாட்டத்தோடு தொடர்புபடுத்தினர். அது புல்லின் செல்களுக்கு இடையே வாழ்கிறது. வெளியே புள்ளியோ வாடலோ தெரியாது. தாய்ச் செடியிலிருந்து விதை வழியாகவே அடுத்த தலைமுறைக்குப் போகிறது. அது உண்டாக்கும் லோலிட்ரெம் பி என்ற நஞ்சுதான் ஆட்டின் நரம்புகளைத் தாக்குகிறது.

தீர்வு எளிதாகத் தோன்றியது. விதையைச் சாதாரண வெப்பத்தில் நீண்ட நாள் வைத்திருந்தால் விதை பிழைத்திருக்கும், உள்ளிருக்கும் பூஞ்சை செத்துவிடும். பூஞ்சையில்லாத புல்லை மேய்ந்த ஆடுகள் தள்ளாடவில்லை. ஆனால் புல் அழிந்தது. தென் அமெரிக்காவிலிருந்து வந்த அர்ஜென்டினா தண்டுக் கூன்வண்டின் புழுக்கள் தூர்களைக் குடைந்து தீர்த்தன. பூஞ்சைதான் அந்த வண்டை விரட்டிக்கொண்டிருந்தது என்பதை 1982-இல் வெளியான ஆய்வு காட்டியது. விரட்டும் பொருளுக்குப் பெராமின் என்று பெயர்.

நஞ்சைப் பிரித்தல்

இங்கேதான் ஆராய்ச்சிக்கு வழி திறந்தது. ஆட்டைச் சாய்க்கும் பொருள் வேறு, வண்டை விரட்டும் பொருள் வேறு. அப்படியானால் முதலாவதைச் செய்யாமல் இரண்டாவதை மட்டும் செய்யும் பூஞ்சை இயற்கையில் இருக்கலாம் அல்லவா? ரைகிராஸின் தாயகமான ஐரோப்பாவிலிருந்து வந்த புற்களில் தேடினார்கள். இளநாற்றில் நுண்ணிய கீறல் போட்டு, வேண்டிய பூஞ்சையைச் செலுத்தும் முறையை லாட்ச், கிறிஸ்டென்சன் இருவரும் 1985-இல் வெளியிட்டனர். 2001-இல் ஏஆர்1 என்ற பூஞ்சை வகையும், 2007-இல் ஏஆர்37 வகையும் விவசாயிகளின் கைக்கு வந்தன.

இரண்டிலும் குறை உண்டு. ஏஆர்1 ஆடுகளுக்குப் பாதுகாப்பானது. ஆனால் வேர் அசுவினியிடம் எளிதில் தோற்கிறது. ஏஆர்37 பல பூச்சிகளைத் தாங்குகிறது. ஆனால் சில சமயம் ஆடுகளிடம் தள்ளாட்டத்தை உண்டாக்குகிறது. பூஞ்சையை விட்டுவிட்டு வேறு வழியை நம்பலாமா என்றால் அதுவும் கடினம். கூன்வண்டை ஒடுக்க 1991-இல் விடப்பட்ட ஒட்டுண்ணிக் குளவி முதலில் நன்றாக வேலை செய்தது. பிறகு பலன் சரிந்தது. குளவி ஆண் துணையின்றி இனம் பெருக்குவது. வண்டோ இணைசேர்ந்து பெருகி, தலைமுறைதோறும் புதுப்புது மரபுக் கலவைகளைப் பெறுவது. எதிர்ப்பாற்றல் வண்டின் பக்கம் வளர்ந்துவிட்டது என்கிறார்கள் ஆய்வாளர்கள்.

விவசாயியின் கையில்

ஆகவே இன்று ரைகிராஸ் விதை வாங்குபவர் புல்லின் ரகத்தோடு பூஞ்சையின் வகையையும் கேட்டு வாங்குகிறார். உயிருள்ள பூஞ்சை வேண்டுமென்பதால் விதை குளிர்ச்சியாகவும் ஈரமின்றியும் காக்கப்படுகிறது. பழைய புல்லை முற்றிலும் ஒழித்த பிறகே புதியது விதைக்கப்படுகிறது. இல்லாவிட்டால் மண்ணில் கிடக்கும் பழைய விதை முளைத்து நஞ்சு திரும்பும். லோலிட்ரெம் அடித்தூரின் இலையுறையிலும் பூங்கதிரிலும் அதிகம் சேர்வதால், கோடையில் தரையொட்ட மேயவிடாமல் மந்தையை இடம் மாற்றுகிறார்கள்.

ஒரு பூஞ்சையை ஆட்டின் பக்கம் மட்டும் நின்று பார்த்திருந்தால் நஞ்சு என்று ஒழித்திருப்பார்கள், புல்லின் பக்கம் மட்டும் நின்றிருந்தால் கவசம் என்று கொண்டாடியிருப்பார்கள். இரு பக்கமும் பார்க்கச் சில ஆண்டுகள் கூடுதலாகப் பிடித்தன. இன்று நியூசிலாந்தில் ஒவ்வொரு பூஞ்சை வகையும் எந்தப் பூச்சியை எவ்வளவு தடுக்கும், ஆடுமாடுகளுக்கு எவ்வளவு பாதுகாப்பானது என்று தனித்தனியே தரமிடப்படுகிறது. எந்த நாட்டில் புதுத் தீவனப் புல் வந்தாலும், எக்டேருக்கு எத்தனை டன் என்ற கணக்கோடு இந்த இரண்டு கேள்விகளுக்கும் பதில் சொல்லிவிட்டுத்தான் அது மேய்ச்சல் நிலத்துக்குப் போக வேண்டும்.