வரைகலை இயக்கிகளுள் தெரிவு

கணினித் திரையிலே தோன்றும் எழுத்தும் உருவமும் வரைகலை அட்டை என்னும் உறுப்பினால் ஆக்கப்படுவன. பணிசெயல் முறைமை இடும் கட்டளையை அவ்வட்டை உணருமாறு எடுத்துரைக்கும் மென்பொருளே இயக்கி எனப்படும். இயக்கி பொருந்தாவிடின் அட்டை எத்துணை வலிமையுடையதாயினும் அதன் ஆற்றல் வெளிப்படாது.

லினக்ஸ் முறைமையைக் கையாள்வோர்க்கு இயக்கிகள் இருவகையாய் அமைந்துள்ளன. மூலநிரலை வெளியிடாது உற்பத்தியாளரே காத்து வழங்குவது தனியுரிமை இயக்கி. மூலநிரலை எவரும் படிக்கவும் திருத்தவும் இடந்தருவது திறந்தமூல இயக்கி. இவ்விரண்டனுள் எதனைக் கொள்வது என்பதே வினா.

வன்னிப் பெருநிலத்திலே இவ்வாராய்ச்சி வெறும் ஏட்டுக்கல்வியன்று. கிளிநொச்சி அறிவியல்நகரிலுள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியற் பீடமும், 2021 ஆம் ஆண்டு தனிப் பல்கலைக்கழகமாய் உயர்ந்த வவுனியா வளாகமும் கணினிக் கல்வியை அளித்து வருகின்றன. 2022 ஆம் ஆண்டு நெருக்கடியில் டொலரின் விலை ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை உயர்ந்தமையால், வாங்கிய கணினியை நெடுங்காலம் பேணுதல் இன்றியமையாததாயிற்று.

இன்ரெல், ஏ.எம்.டி. அட்டைகளைப் பொறுத்தவரை தெரிவு எளிது. அவற்றின் திறந்த இயக்கிகள் லினக்ஸின் கருவுடனேயே வருகின்றன. இடர்ப்பாடு என்விடியா அட்டைகளிலேயே எழுகின்றது. அவற்றின் செயலை உற்றுநோக்கித் தன்னார்வலர் இயற்றிய நூவோ என்னும் இயக்கி 2010 ஆம் ஆண்டு லினக்ஸ் கருவிற் சேர்ந்தது. எனினும், 2014 ஆம் ஆண்டின் பின் வந்த அட்டைகள் பல, உற்பத்தியாளர் ஒப்பமிட்ட உள்நிரலையன்றிப் பிறிதை ஏலாமையால், நூவோ அவற்றை முழு வேகத்தில் இயக்க இயலாது நின்றது. 2022 ஆம் ஆண்டு என்விடியா தன் இயக்கியின் கருசார்ந்த பகுதியைத் திறந்தது. ஆயின் அது 2018 ஆம் ஆண்டு முதல் வெளிவந்த தலைமுறைகளுக்கே பொருந்தும். மேற்பகுதியோ இன்னும் மூடியே உள்ளது.

அங்ஙனமாயின் தனியுரிமை இயக்கியையே என்றும் கொள்ளலாகாதோ எனின், அதன் ஆயுள் உற்பத்தியாளரின் விருப்பத்தைப் பொறுத்தது என்க. 2010 இல் வந்த பேமி அட்டைகளுக்கு 2022 ஆம் ஆண்டுடனும், 2012 இல் வந்த கெப்ளர் அட்டைகளுக்கு 2024 ஆம் ஆண்டுடனும் அந்நிறுவனம் ஆதரவை நிறுத்திற்று. அட்டை பழுதுறாதிருந்தும், பழைய இயக்கி புதிய கருவோடு இசையாது போகின்றது. அத்தகைய அட்டைகளை இன்றும் தாங்குவது நூவோவே.

ஆகவே, இயந்திரக் கற்றல், பாரிய கணிப்பு ஆகியவற்றின் பொருட்டுப் புதிய என்விடியா அட்டை பூண்ட ஆய்வுகூடத்துக்குத் தனியுரிமை இயக்கி தகும். எழுத்தும் பாடமும் பயிலும் முல்லைத்தீவுப் பாடசாலையொன்றின் பழைய கணினிக்குத் திறந்த இயக்கியே தகும். புதிதாய் வாங்குவோர், வேகத்தை மாத்திரம் நோக்காது, பத்தாண்டின் பின் அதனைப் பேணும் உரிமை எவர் கையில் இருக்கும் என்பதையும் முன்னரே ஆராய்தல் நன்று.