பூ வைக்க வரலாமா?

அந்த மோதிரம் ஒரு ராத்திரி முழுக்க என் அஞ்சறைப்பெட்டியில், கடுகுக்கு அடியில் கிடந்தது. வேறு எங்கே வைத்திருந்தாலும் என் தங்கை கண்டுபிடித்திருப்பாள். சித்திரைத் திருவிழா பார்க்கச் சென்னையிலிருந்து வந்து இறங்கியவள், அரை மணி நேரத்துக்குள் என் பீரோவைக் கலைத்து நாலு சேலையைத் தனியாக எடுத்து வைத்துக்கொண்டாள். அடுப்படிப் பக்கம் மட்டும் அவள் கை நீளாது. அந்த நம்பிக்கையில்தான் கடுகு டப்பா!

சித்தப்பா மகள். ஆனால் என் மடியில் வளர்ந்தவள். இப்போது கல்யாணம் முடிந்து, மறுவீட்டு விருந்தும் முடிந்து, "எல்லாத்தையும் எழுதுக்கா, ஒண்ணு விடாம" என்று அவளே சொல்லிவிட்டாள். இனி எனக்கென்ன தயக்கம்?

பையன் திண்டுக்கல்காரன். அவளோடு வேலை பார்ப்பவன். நாலு வருஷப் பழக்கம். இரண்டு வீட்டுக்கும் அரசல்புரசலாகத் தெரியும். கல்யாணம் என்ற வார்த்தையை மட்டும் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தங்கை ஊரில் இல்லாத நேரமாகப் பார்த்து, அவன் தனியாகச் சித்தப்பா வீட்டு வாசலில் வந்து நின்றிருக்கிறான். வேர்த்து வடிய உட்கார்ந்து, கேட்க வந்ததை ஒரே மூச்சில் கேட்டுவிட்டான்.

சித்தப்பா காபி டம்ளரைக் கீழே வைத்தார். "எங்கிட்ட கேட்டுட்டீங்க, சந்தோசம். அவகிட்ட கேட்டீங்களா தம்பி?"

"இன்னும் இல்லீங்க."

"மொதல்ல அவகிட்ட கேளுங்க. கூட வாழப்போறவ அவதானே."

உள்ளேயிருந்து ஓடிவந்த சித்தி, ஒன்றும் பேசாமல் அவன் உள்ளங்கையில் ஒரு பிடி சர்க்கரையைக் கொட்டினாளாம். அன்று சாயங்காலமே எனக்குப் போன் வந்தது. "அக்கா, எப்படிக் கேக்குறதுன்னு நீங்கதான் சொல்லணும்." கடற்கரை, மெழுகுவர்த்தி, முட்டி போடுவது என்று அவன் நண்பர்கள் ஆளுக்கு ஒன்று சொல்லியிருந்தார்கள். எனக்கு எதுவுமே ஒட்டவில்லை. அவளுக்கு எது உயிர் என்று யோசித்தேன். மல்லிகை. மதுரை மல்லி. சென்னையில் எந்தப் பூவை வாங்கினாலும் முகர்ந்து பார்த்துவிட்டு, "இது நம்ம ஊர்ப் பூ இல்ல" என்று முகம் வாடுகிறவள் அவள்.

பிறகு எல்லாம் தானாக வந்து பொருந்தின. சித்திரைத் திருவிழாவில் மீனாட்சிக்குப் பத்தாம் நாள் திருக்கல்யாணம். அதற்கு முந்தின நாள் திக்விஜயம். எட்டுத் திக்கையும் ஜெயித்துக்கொண்டு வரும் மீனாட்சி, சொக்கநாதரை எதிரில் பார்த்ததும் வில்லைத் தாழ்த்தி வெட்கப்பட்டு நிற்கும் நாள். அந்த நாளின் விடியற்காலை என்று குறித்தோம்.

நாலு மணிக்கு அவளை எழுப்பி, "திருக்கல்யாணத்துக்குப் பூ வாங்கணும், வா" என்று மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்கு இழுத்துப் போனேன். அந்த நேரத்தில் அந்த மார்க்கெட்டைப் பார்க்காதவர்கள் ஒரு தடவையாவது பார்க்க வேண்டும்! நிலக்கோட்டை, உசிலம்பட்டி, திருமங்கலம் என்று சுற்றுவட்டாரத்துப் பூவெல்லாம் மூட்டை மூட்டையாக வந்து இறங்குகிறது. கமிஷன் கடைகளில் தராசு ஒரு நொடி நிற்பதில்லை. மறுநாள் ஊரிலுள்ள சுமங்கலிகள் எல்லாம் மீனாட்சியோடு சேர்ந்து புதுத் தாலிக்கயிறு மாற்றிக்கொள்வார்கள். ஆகவே அன்றைக்குப் பூ வாங்காத வீடே இல்லை. 2013ல் மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. எங்களுக்கு அதற்கு முன்னாலும் அது மதுரை மல்லிதான். தடித்த இதழ், நீண்ட காம்பு, சாயங்காலம் வரை வாய் திறக்காத மொட்டு.

மார்க்கெட் வாசலில் பூ கட்டுகிற அக்கா ஒருவர் உண்டு. இருபது வருஷமாக எங்கள் வீட்டுக்கு அவர் கை பூதான். அவன் என்னிடம் கொடுத்து வைத்திருந்த மோதிரத்தை, முந்தின நாளே கடுகு வாசனையோடு அவரிடம் ஒப்படைத்திருந்தேன். தங்கை அந்தப் பக்கம் பூ பார்க்கப் போன நேரத்தில், அவர் கட்டியதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். நனைத்த வாழைநாரை இடது கை விரலில் பிடித்து, இரண்டு மொட்டு இந்தப் பக்கம், இரண்டு மொட்டு அந்தப் பக்கம், காம்போடு காம்பு பொருந்த வைத்து, நாரை ஒரு சுற்றுச் சுற்றி உள்ளே விட்டு இழுத்தால் ஒரு கண்ணி. கண் பார்ப்பதற்குள் அடுத்த கண்ணி. முதல் முழம் முடிகிற இடத்தில் மட்டும் கை நின்றது. நாரை மோதிரத்துக்குள் விட்டு, இரண்டு முடிச்சுப் போட்டு, மேலே நாலு மொட்டை நெருக்கி வைத்து மூடிவிட்டார். "கல்லு தெரியுதா பாரு தாயி" என்றார். தெரியவில்லை. கல்லும் மொட்டும் ஒரே வெள்ளை.

எல்லாம் சரியாகத்தான் போனது. அவளும் பூவைக் கையில் வாங்கிவிட்டாள். வாங்கியவள் முகர்ந்து பார்த்து, கண்ணை மூடித் திறந்து, "அக்காவுக்கு ஒரு முழம், எனக்கு ஒரு முழம். நடுவுல வெட்டிக் கொடுங்க" என்று திருப்பி நீட்டினாள். நடுவில்! எனக்கு மூச்சே நின்றுவிட்டது. பூக்கார அக்கா கத்திரியை எடுத்து மடிக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டார். "இன்னிக்கு வெட்ட மாட்டேன். நாளைக்கு மீனாச்சி கல்யாணம். பூவை வெட்டக் கூடாது." அப்படி ஒரு சாஸ்திரம் எங்கும் கிடையாது. அந்த நிமிஷத்தில் அவர் வாயில் பிறந்த சாஸ்திரம் அது. அதற்காகவே அவரை நான் கும்பிடுவேன்.

முழுசையும் வைத்துக்கொள்ள அவள் பூவை இரண்டாக மடித்தாள். மடிப்பு விழுந்த இடத்தில் விரலுக்கு ஏதோ தட்டுப்பட்டது. மொட்டை விலக்கினாள். அப்படியே நின்றாள். சுற்றிலும் ஏலம் கூவுகிறார்கள், மூட்டைக்காரர் "வழி, வழி" என்கிறார், அவளுக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை. சாமந்தி மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து அவன் வந்தான். நாலு நாளாக மனப்பாடம் செய்து வைத்திருந்த இரண்டு பக்கப் பேச்சு போன இடம் தெரியவில்லை. ஒரே ஒரு வாக்கியம்தான் வந்தது.

"உனக்குப் பூ வைக்க எங்கம்மாவக் கூட்டிட்டு வரலாமா?"

எங்கள் பக்கத்தில் பூ வைப்பது என்றால் என்ன என்று தெரிந்தவர்களுக்கு அந்தக் கேள்வியின் கனம் புரியும். மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் வந்து பெண் தலையில் பூ வைத்துவிட்டால் பேச்சு உறுதி. அவன் எழுதி வைத்திருந்த இரண்டு பக்கத்திலும் இதைவிட நல்ல வாக்கியம் இருந்திருக்காது என்பது என் முடிவு.

தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "எந்தக் கிழமை?"

அதுதான் சம்மதம்! பூக்கார அக்கா குலவை போட, பக்கத்துக் கடைப் பெண்களும் சேர்ந்து போட, யாரோ ஒரு கை உதிரிப் பூவை அள்ளி இருவர் தலையிலும் வீசினார்கள். வெளியே வந்து ஆளுக்கு ஒரு டம்ளர் பருத்திப்பால் குடித்தோம். கருப்பட்டியும் சுக்குமாக அப்படி ஒரு பருத்திப்பாலை நான் அதற்கு முன்னாலும் குடித்ததில்லை, பின்னாலும் இல்லை.

வைகாசியில் பூ வைத்தார்கள். ஆனி கைநழுவியது, ஆடி ஆகாது, ஆவணியில் மண்டபம் கிடைக்கவில்லை. தை என்று முடிவானது. செய்தியைச் சொல்லப் போனபோது பூக்கார அக்கா முகத்தில் சிரிப்பு பாதியில் நின்றது. "தை முகூர்த்தமா? பனியில மல்லி கண்ணுலயே படாதே தாயி!" உண்மைதான். மார்கழி, தையில் குளிருக்குச் செடி அதிகம் மொட்டு விடாது. வருகிற கொஞ்சத்துக்கும் கிலோ ஆயிரக்கணக்கில் விலை. என் தங்கைக்கோ சடை முழுக்க மதுரை மல்லி வேண்டும். வேறு எதையும் அவள் கேட்கவில்லை. நகை கேட்கவில்லை, கார் கேட்கவில்லை. பூ மட்டும்.

"நீ போய்க் கல்யாண வேலையப் பாரு. பூ என் பாடு" என்றார் அக்கா.

சேலைக்குக் காஞ்சிபுரம் போனோம். கடையில் எடுக்காமல், தறியிலேயே போட்டு வாங்குவது என்று சித்திக்கு ஆசை. அரக்கு உடல், மாம்பழ மஞ்சள் கரை. ஐப்பசியில் ஒரு நாள் நெய்வதைப் பார்க்கப் போனபோது தங்கை அந்த வீட்டுத் திண்ணையை விட்டு எழுந்திருக்கவே இல்லை. கோர்வைச் சேலையில் உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு ஒரு நிறம். மூன்று நாடா ஓடும். ஒருவர் உட்கார்ந்து நெய்ய, பக்கத்தில் இன்னொருவர் கரை நாடாவை வாங்கித் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு ஊடையிலும் உடலும் கரையும் கோத்துக்கொண்டே போகும். சேலை கிழிந்தாலும் கரை பிரியாது என்பார்கள். வெள்ளிக் கம்பியைப் பட்டு நூலில் சுற்றித் தங்க முலாம் பூசிய சரிகை சூரத்திலிருந்து வருகிறது. முந்திக்கு நிறம் மாற வேண்டுமானால் பழைய பாவின் இழை ஒவ்வொன்றையும் புதுப் பாவின் இழையோடு விரலால் திருகி இணைக்கிறார்கள். ஆயிரக்கணக்கான இழை! நெசவுக்கார அம்மா அவளைக் கூப்பிட்டுத் தறியில் உட்கார வைத்து, "உன் சேலைக்கு நீயும் ஒரு இழை போடு" என்று நாடாவைக் கொடுத்தார். அவள் கை நடுங்க ஒரு ஊடை ஓட்டினாள். அந்த ஒரு இழை எந்த இடத்தில் இருக்கிறது என்று இன்றைக்கும் முந்தியை விரித்து வைத்துக்கொண்டு தேடுகிறாள்.

பத்திரிகை, பிளவுஸ் அளவு, தாம்பூலப் பை எல்லாம் எந்தக் கல்யாண வீட்டிலும் உள்ளதுதான். பிளவுஸ் மட்டும் மூன்று தடவை பிரித்துத் தைக்கப்பட்டது. முகூர்த்தக்கால் ஊன்றிய அன்று மூங்கிலுக்கு மஞ்சள் பூசி, மாவிலை கட்டி, குழியில் நவதானியம் போட்டுப் பால் ஊற்றியபோது சித்தப்பா திரும்பி நின்றுகொண்டார். கண் கலங்கியதை மகள் பார்க்கக் கூடாதாம். அவள் பார்த்துவிட்டாள்.

என்னைக் கேட்டால், கல்யாணத்துக்கு முந்தின ராத்திரி மண்டபத்தின் அழகு மேடையில் இல்லை, அடுப்படியில்தான் என்பேன். இரவு இரண்டு மணி. பெரியப்பாமார்கள் வட்டமாக உட்கார்ந்து பூசணி வெட்டுகிறார்கள். அத்தைமார்கள் தேங்காய் துருவுகிறார்கள். சமையல் மாஸ்டர் கரண்டியை நீட்டி, "உப்புப் பாருங்கம்மா" என்று பெண்ணின் பாட்டியிடம் கொடுக்கிறார். பாட்டி நாக்கில் தொட்டு, ஒரு நிமிஷம் யோசித்து, "போதும்" என்கிறார். அந்த ஒரு சொல்லுக்கு அங்கே எல்லாரும் காத்திருந்தார்கள்.

மூன்றரை மணிக்கு ஆட்டோ வந்து நின்றது. ஈரத் துணி சுற்றிய ஒரு கூடையோடு பூக்கார அக்கா இறங்கினார். ஒரே தோட்டத்தில் அவ்வளவு கிடைக்காமல், தெரிந்த தோட்டங்களிலெல்லாம் சொல்லி வைத்து, கைப்பிடி கைப்பிடியாகச் சேர்த்த ஒன்றரைக் கிலோ மல்லி. துணியை விலக்கியதும் மணப்பெண் அறை முழுக்க மணம் நிரம்பியது. தூங்கிக்கொண்டிருந்த குழந்தைகள்கூட எழுந்து உட்கார்ந்தார்கள். மற்ற பெண்கள் எல்லாரும் பிச்சியும் கனகாம்பரமும் வைத்துக்கொள்வது என்று முதல் நாளே பேசி வைத்திருந்தோம். அத்தனை மல்லியும் அவளுக்கே.

பூச்சடை தைப்பதற்கு இரண்டு மணி நேரம் ஆனது. ஒவ்வொரு மொட்டாக ஊசியில் கோத்து, சடை நீளத்துக்கு வரிசை வரிசையாக அடுக்கி, நடுவில் சிவப்புக்கு அரளி. முடித்ததும் சித்தி அவளை நிலைக்கண்ணாடிக்கு முதுகைக் காட்டி நிற்க வைத்தாள். சித்தியின் அம்மா கல்யாணத்தில் அப்படி நின்று எடுத்த கறுப்பு வெள்ளைப் படம் அவர்கள் வீட்டுச் சுவரில் இருக்கிறது. அதே நிற்பு. அதே பின்னல். அந்தப் பாட்டி பக்கத்தில் வந்து சடையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

மேடையில் ஐயர் தாலியை எடுத்துக் கொடுத்ததும், நாகஸ்வரக்காரரைப் பார்த்து நாலு பேர் ஒரே நேரத்தில் விரலை ஆட்டினார்கள். கெட்டிமேளம்! அட்சதை மழையில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. மூன்றாவது முடிச்சைப் போட நாத்தனாருக்கு இடம் விட்டு நான் விலகியபோது, மாப்பிள்ளை நிமிர்ந்து பார்த்து, "தேங்க்ஸ் மதினி" என்றார். நேற்று வரை அக்கா. அந்த ஒரு வார்த்தைக்கு நான் அழுத அழுகை வீடியோவில் தெளிவாகப் பதிவாகியிருக்கிறது.

பந்தி ஆரம்பித்த பிறகு மொய் மேசைப் பக்கம் போனேன். வரிசையில் பூக்கார அக்கா நின்றுகொண்டிருந்தார். புதுச் சுங்குடிச் சேலை, கையில் வாழையிலைப் பொட்டலம். மொய் நோட்டுக்காரர் பேனாவைத் தூக்கி, "பேரு, ஊரு, எவ்வளவும்மா?" என்றார்.

அக்கா பொட்டலத்தை மேசையில் வைத்தார்.

"ரெண்டு முழம்னு எழுதுங்க."