சாராய ஆலைக் கழிவில் கோழித் தீவனம்

சர்க்கரை ஆலையை ஒட்டிச் சாராய ஆலை இருக்கும் ஊர்க்காரர்கள் சிலர், "அந்தக் கழிவுத் தண்ணியில சத்து இருக்குதாமே, மாட்டுக்குக் காட்டலாமா?" என்று கேட்கிறார்கள். காட்டவே கூடாது. புளிப்பும், பொட்டாஷும், கந்தக உப்பும் மிகுந்த தண்ணீர் அது. குடித்த மாடு கழியும். தீவனம் ஆவது அந்தத் தண்ணீர் அல்ல; அதில் வளர்த்து எடுக்கிற ஈஸ்ட்.

ஈஸ்ட் என்பது கண்ணுக்குத் தெரியாத ஒரு காளான் இனம். கள் நுரைப்பதும் ரொட்டி மாவு உப்புவதும் அதன் வேலைதான். காற்றில்லாத தொட்டியில் விட்டால் மொலாசஸில் உள்ள சர்க்கரையைச் சாராயமாக்கும். காற்றை ஊதிக்கொண்டே இருந்தால், சாராயத்தை விட்டுவிட்டுத் தன் உடம்பைப் பெருக்கும். இரண்டு மூன்று மணி நேரத்தில் ஒன்று இரண்டாகிவிடும்.

ஒரு லிட்டர் சாராயம் வடித்தால் 8 முதல் 15 லிட்டர் வரை கழிவு மிஞ்சுகிறது. அதில் மீதிச் சர்க்கரை, கிளிசரின், அமிலங்கள் எல்லாம் உண்டு. 'டொருலா' என்ற ஈஸ்ட் வகை இவற்றைத் தின்று வளரும். கழிவை ஆறவிட்டு, அம்மோனியா அல்லது யூரியாவும் மணிச்சத்தும் கலந்து, காற்று ஊதுவார்கள். பயிர் யூரியாவைப் புரதமாக்குகிறதே, அதே வேலையை ஈஸ்ட் மணிக்கணக்கில் முடித்துவிடும். பிறகு, பாலில் வெண்ணெய் பிரிக்கிற மாதிரி இயந்திரத்தில் சுழற்றிப் பிரித்து, சூட்டில் உலர்த்துவார்கள். அந்தச் சூட்டில் ஈஸ்ட் சாக வேண்டும். உயிரோடு போனால் வயிற்றில் நுரைத்து உப்புசம் தரும். 'பி' வைட்டமினையும் தானே எடுத்துக்கொள்ளும். ஆகவே இது வீட்டுத் தொட்டியில் செய்கிற காரியமல்ல.

1914-18 போரில் தீவனம் கிடைக்காத ஜெர்மனி மொலாசஸில் ஈஸ்ட் வளர்த்தது. பின்னாளில் கியூபாவில் கரும்பு ஆலைகளை ஒட்டி டொருலா தயாரித்துப் பன்றிகளுக்குக் கொடுத்தார்கள். நம் நாட்டு ஆலைகள் பலவும் கழிவிலிருந்து சாண எரிவாயு போன்ற வாயு எடுக்கின்றன, ஆலை மட்கோடு சேர்த்து உரமாக்குகின்றன, சுண்டவைத்து எரிக்கவும் செய்கின்றன. ஈஸ்ட் எடுத்த பிறகும் தண்ணீரின் பழுப்பு நிறம் போகாது. அதை வாய்க்காலில் விடக்கூடாது.

உலர்ந்த ஈஸ்டில் நூற்றுக்குச் சுமார் 45 பங்கு புரதம். கடலைப் புண்ணாக்கிலும் ஏறக்குறைய அவ்வளவுதான். ஆனால் புண்ணாக்கில் குறைவாக உள்ள லைசின் ஈஸ்டில் நிறைய உண்டு. ஈஸ்டில் குறைவது மெத்தியோனின்; அது எள்ளுப் புண்ணாக்கில் இருக்கிறது. எனவே கோழித் தீவனத்தில் இரண்டையும் சேர்த்தே போடுங்கள். 100 கிலோவுக்கு 5 கிலோ ஈஸ்டில் தொடங்கலாம்.

வளர்ந்த மாட்டுக்கு இது அவ்வளவு அவசியமில்லை. அதன் பெருவயிற்றில் இருக்கும் நுண்ணுயிர்களே இந்தப் புரத வேலையைச் செய்கின்றன. புண்ணாக்கைவிட விலை மலிந்தால் மட்டும் வாங்கலாம். (மாட்டின் செரிமானத்துக்கென்று கிராம் கணக்கில் விற்கும் உயிருள்ள ஈஸ்ட் பொட்டலம் வேறு சரக்கு, குழப்பிக்கொள்ள வேண்டாம்.) வாங்கும்போது மூட்டையில் புரத அளவு போட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஈரம் நூற்றுக்குப் பத்துக்கு மேல் இருந்தாலும், பிடித்தால் கட்டி கட்டியாக நின்றாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.