பட்டினி போட்டால் சுரக்கும் பாசிக்கூழ்

சீனாவின் வடமேற்கு வறள்நிலங்களில் தரையோடு ஒட்டிக் கிடக்கும் தலைமுடி போன்ற கறுப்புப் பாசி, சீனப் புத்தாண்டு விருந்துகளில் விலை மிகுந்த பண்டம். நாஸ்டாக் ஃபிளாஜெல்லிஃபார்மே என்பது அதன் அறிவியல் பெயர். அதற்காக மண்ணை வாரி வாரி மேய்ச்சல் நிலங்கள் பாழாகவே, 2000-ஆம் ஆண்டு சீன அரசு அதைச் சேகரிக்கவும் விற்கவும் தடை விதித்தது. அதனால் அதன் செல்களைத் தொட்டிகளில் வளர்ப்பது எப்படி, எந்தச் சூழலில் அது அதிகக் கூழ் சுரக்கும் என்று ஆய்வாளர்கள் தேடுகிறார்கள்.

நாஸ்டாக் போன்ற நீலப்பசும்பாசி, பெயரில் பாசியானாலும், ஒளிச்சேர்க்கை செய்யும் பாக்டீரியாதான். பல இனங்கள் தம்மைச் சுற்றிப் பாலிசாக்கரைடு என்னும் கூட்டுச்சர்க்கரையைக் கூழாகச் சுரக்கின்றன. அது ஈரத்தைப் பிடித்துவைக்கும், மணல்துகள்களை ஒட்டவைக்கும். மாதக்கணக்கில் காய்ந்து கிடந்த நாஸ்டாக் ஒரு மழையில் உயிர்பெறுவதற்கு இந்தக் கூழும் ஒரு முக்கியக் காரணம்.

வெளிச்சம் தாராளமாக இருக்கும்வரை செல் கார்பன் டை ஆக்சைடிலிருந்து சர்க்கரை செய்துகொண்டே இருக்கும். ஆனால் அதைப் புரதமாக்கிப் பெருக நைட்ரஜன் வேண்டும். அதைத் தரும் நைட்ரேட் நீரில் தீர்ந்துவிட்டால் பெருக்கம் தடைப்படும்; வெளிச்சமோ விழுந்துகொண்டேயிருக்கும். அப்போது மிஞ்சும் கார்பனில் ஒரு பங்கு கிளைக்கோஜனாக உள்ளே சேர, இன்னொரு பங்கு கூழாக வெளியேறுகிறது. அதனால்தான் முதலில் நன்றாக ஊட்டி வளர்த்து, பிறகு பட்டினி போடும் இரண்டு கட்ட முறை பேசப்படுகிறது.

இதை எல்லா இனத்துக்கும் பொதுவிதியாக்குவது பெரும் தவறு. நாஸ்டாக் காற்றிலிருந்தே நைட்ரஜனை எடுத்துக்கொள்ளும். நைட்ரேட்டை நிறுத்தினால் மட்டும் அது பட்டினி கிடக்காது. உப்பும் அப்படித்தான்: அதைக் கூட்டினால் சில இனங்கள் அதிகம் சுரக்கும், சில வளராமல் நின்றுவிடும்.

ஆய்வு முடிவுகளைப் படிக்கும்போது, கூழின் அளவு ஒரு லிட்டருக்கா, ஒரு கிராம் பாசிக்கா என்று அவசியம் பார்க்க வேண்டும். பட்டினியில் ஒவ்வொரு செல்லும் அதிகம் சுரந்தாலும், செல்களே குறைந்துவிட்டால் தொட்டியின் மொத்த விளைச்சல் சரியும். கூழ் கூடக்கூட நீர் கெட்டியாகிறது; கலக்குவது கடினமாகி, வாயு கரைவதும் மந்தமாகிறது. சூழல் மாறினால் கூழின் சர்க்கரை விகிதமும் மாறக்கூடும் என்பதால், மருந்துக்கோ அழகுப் பொருளுக்கோ வாங்குபவர் எடையோடு அதன் தன்மையையும் ஒவ்வொரு முறையும் சோதித்தாக வேண்டும்.