உங்களுக்குத் தெரியுமா? பள்ளியில் சேரக் குடியுரிமை தேவையில்லை

உப்பளத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால், புதுவை எல்லையைத் தாண்டிக் கீழ்ப்புத்துப்பட்டில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் இருக்கிறது. 1983 இலங்கைக் கலவரத்துக்குப் பின் கடல் கடந்து வந்தவர்களின் பிள்ளைகளைத் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகள் சேர்த்துக்கொண்டன. 1951ஆம் ஆண்டின் ஐ.நா. அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா இன்றுவரை கையெழுத்திடவில்லை. அப்படியிருந்தும் இது நடந்தது. நாம் நெஞ்சு நிமிர்த்திச் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் 1991இல் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட பிறகு, அகதி மாணவர்களுக்கு உயர்கல்வி இடங்கள் சில ஆண்டுகள் மறுக்கப்பட்டன. யாரோ செய்த கொலைக்குப் பிள்ளைகளின் படிப்பைப் பறித்தது அநியாயம்.

அமெரிக்காவில் இதே போன்ற பள்ளிச் சேர்க்கைப் பிரச்சினை உச்ச நீதிமன்றம் வரை போனது. ஆவணமில்லாமல் குடியேறியவர்களின் பிள்ளைகளிடம் டெக்சாஸின் டைலர் நகரப் பள்ளிகள் ஆண்டுக்கு 1,000 டாலர் கேட்டன. அது செல்லாது என்று 1982இல் 5–4 என்ற கணக்கில் தீர்ப்பானது. ஒரே ஒரு நீதிபதி வித்தியாசம்!

நம் கல்வி உரிமைச் சட்டம் (2009) 6 முதல் 14 வயது வரையுள்ள எல்லாக் குழந்தைகளுக்கும் பொருந்தும். குடியுரிமையை அது நிபந்தனையாக்கவில்லை. வயதுச் சான்று இல்லை, டி.சி. வரத் தாமதம் என்று எந்தப் பள்ளியும் திருப்பி அனுப்பக் கூடாது. வேலை தேடிப் புதுவைக்கு வரும் வெளிமாநிலத் தொழிலாளர் குடும்பங்களுக்கும் இதைச் சொல்லுங்கள். டெல்லியில் இருக்கும் ரோஹிங்கியா அகதிக் குழந்தைகள் நேரே அரசுப் பள்ளியை அணுகலாம், மறுத்தால் உயர் நீதிமன்றம் போகலாம் என்று 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் கூறியது.