மலைநாட்டு வீதியும் டர்போ இயந்திரமும்: பிஸ்டன் தெரிவில் கவனம் தேவை

2020 மார்ச்சில் இடைநிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் பாவனை வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் அனுமதிக்கப்பட்டது. வழி திறந்த பின்னரும் வரிச்சுமை காரணமாகப் புதிய வாகனம் என்பது நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டாக்கனியாகவே உள்ளது. எனவே பழைய வாகனத்தின் இயந்திரத்தைக் கழற்றிப் புதுப்பித்து ஓடுவதே பலருக்கும் எஞ்சியுள்ள வழியாகும். கண்டி, அக்குறணை, கம்பளை ஆகிய பகுதிகளில் பாடசாலைப் பிள்ளைகளையும் வியாபாரச் சரக்கையும் ஏற்றிச் செல்லும் 660 சிசி டர்போ வேன்களுக்கும் இது பொருந்தும்.

இயந்திரத்திலிருந்து வெளியேறும் புகையின் விசையால் சுழன்று, சிலிண்டருக்குள் கூடுதல் காற்றைத் திணிப்பதே டர்போவின் பணி. காற்றும் எரிபொருளும் கூடும்போது வலு கூடுகின்றது; கூடவே வெப்பமும் கூடுகின்றது. அவ்வெப்பத்தை முதலில் தாங்குவது பிஸ்டனாகும். சமதரையில் டர்போ சிறிது நேரமே முழு விசையுடன் இயங்கும். கண்டியிலிருந்து நுவரெலியாவுக்குச் செல்லும் வாகனமோ 1,300 மீற்றருக்கும் அதிகமாக ஏற வேண்டும். கடுகண்ணாவ ஏற்றமும் இத்தகையதே. எனவே இங்கு பிஸ்டன் தெரிவு உயிரோடும் பிழைப்போடும் தொடர்புடைய விடயமாகின்றது.

பிஸ்டன்கள் பொதுவாக வார்ப்பு, அடித்து உருவாக்கப்பட்டவை என இரு வகைப்படும். வார்ப்பு பிஸ்டனில் சிலிக்கன் அதிகம். ஆகவே அது குறைவாக விரியும், சத்தமின்றி இயங்கும், எண்ணெயைக் குறைவாகவே எரிக்கும். ஆனால் கடும் அதிர்வில் உடையக்கூடியது. அடித்து உருவாக்கப்பட்டவற்றுள் 4032 என்னும் கலப்புலோகத்தில் ஏறத்தாழ 12 சதவீதம் சிலிக்கன் உண்டு. 2618 இல் அது மிகச் சொற்பம். பின்னையது பந்தய வாகனங்களுக்கு உகந்த உறுதி கொண்டது. எனினும் அதிகம் விரிவதால் கூடிய இடைவெளி விட்டே பொருத்த வேண்டும். குளிர்ந்த காலைப் பொழுதில் அது தட்டும் ஓசை எழுப்புவதும், விரைவில் தேய்வதும் இதனாலேயே.

தொழிற்சாலை நிர்ணயித்த மெல்லிய டர்போ அழுத்தத்துடன் ஓடும் வாகனத்துக்கு, அதே டர்போ இயந்திரத்துக்கென வார்க்கப்பட்ட தரமான பிஸ்டனே போதுமானது. அழுத்தத்தைச் சற்று உயர்த்த விரும்புவோருக்கு 4032 பொருந்தும். அன்றாடப் பாவனைக்கு 2618 வீண் செலவாகும்.

பெரிய ஆபத்து வேறிடத்தில் உள்ளது. அதே வகை இயந்திரத்தின் டர்போ அற்ற வடிவத்துக்குரிய பிஸ்டன் விலை குறைவாகக் கிடைக்கின்றது என்பதற்காக அதனைப் பொருத்துவதே அது. டர்போ அற்றவற்றின் அமுக்க விகிதம் பத்தைத் தாண்டுவது வழமை. சிறிய டர்போ இயந்திரங்களில் அது ஒன்பதை அண்டியதாகவே இருக்கும். விகிதம் கூடினால், தீப்பொறியால் பற்றிய நெருப்பு சென்றடையுமுன்னரே எஞ்சிய கலவை தானாக வெடிக்கும். "நொக்கிங்" எனப்படும் இவ்வதிர்வே ரிங் தங்கும் விளிம்பை உடைக்கின்றது. அதற்காக விகிதத்தை அளவுக்கு மீறிக் குறைப்பதும் தவறு. ஏற்றத்தில் வாகனம் புறப்படவே திணறும்.

சிலிண்டரைத் துளைத்துப் பெருப்பிக்குமுன் பிஸ்டனை வாங்கி அளந்து, அதற்கேற்பவே துளைக்க வேண்டும். வார்ப்பிரும்பைவிட அலுமினியம் ஏறத்தாழ இருமடங்கு விரிவதால், தயாரிப்பாளர் குறிப்பிட்ட இடைவெளியைத் துல்லியமாகப் பேண வேண்டும். டர்போவுக்கு ரிங் முனைகளின் இடைவெளியும் சற்றுக் கூடுதலாகத் தேவை. இல்லையேல் வெப்பத்தில் முனைகள் முட்டி, பிஸ்டனே உடையும்.

எத்தகைய பிஸ்டனும் பிழையான எரிபொருளையும் பழுதான குளிரூட்டலையும் நெடுநாள் தாங்காது. 95 ஒக்டேன் பெற்றோல் விதிக்கப்பட்ட இயந்திரத்துக்கு 92 ஐ ஊற்றி மிச்சம் பிடிப்பது, பின்னர் பன்மடங்கு செலவையே கொண்டுவரும். முதலில் பழைய பிஸ்டன் ஏன் பழுதடைந்தது எனக் கண்டறிந்து அக்குறையை நீக்க வேண்டும். அதன் பின்னரே புதியதற்குப் பணம் செலவிடுவது அறிவுடைமையாகும்.